முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு நாலு

"அண்ணை, பொனற் மூடாது."

"அமத்தி மூடு, தம்பிராசா."

"அமத்தினால் பொனற்தான் நெளியும். மிசின் மேலாலை நிக்குது."

"எவ்வளவு?"

"ஒரு முழம் வரும்."

"முழமெண்டு ஒரு அளவு இல்லை. அங்குலத்திலை சொல்லு."

தம்பிராசா விரலால் அளந்தான். "பதினாலு."

ஜெபரட்ணம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். முப்பது வருடம் நில அளவையாளராக இருந்தவர். மன்னார் தொடக்கம் முல்லைத்தீவு வரை காட்டுக்கும் வயலுக்கும் எல்லைக்கல் போட்டவர். இரண்டு சகோதரர்கள் ஓர் அங்குல நிலத்துக்குக் கத்தி எடுத்த இடத்திலே அரை அங்குலத்தில் தீர்ப்புச் சொன்னவர். காருக்குள்ளே வைக்கப்போகும் மிசினை மட்டும் அளந்து பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை.

கறுப்பு ஒஸ்ரின் ஏ-40 கார் முன்மூடி திறந்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதனுடைய சொந்த எஞ்சின் இருந்த இடத்தில், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பச்சை மிசின் ஒன்று புகைக்குழாயை மேலே நீட்டிக்கொண்டு, குடியிருக்க வந்தவன் வீட்டுக்காரனின் சாய்மனைக்கதிரையில் ஏறிப் படுத்த மாதிரி இருந்தது.

"பொனற்றைக் கழட்டி வை."

"பொனற் இல்லாமல் ஓடுறதோ, அண்ணை?"

"வெய்யிலுக்கு நீ சட்டை இல்லாமல் திரியிறேல்லையோ?"

"அது நான். இது ஒஸ்ரின்."

ஒழுங்கை முகப்பில் கராஜ் வைத்திருந்த தம்பிராசாவுக்கு, யுத்தத் தடையால் பெற்றோல் யாழ் குடாநாட்டுக்குள் வராமல் போன இந்த இரண்டு வருடமாகச் சயிக்கிள் ரியூப் ஒட்டுவதுதான் வேலை. ஒரு காரைத் தொட்டுப் பார்க்கவே அவனுக்குக் கை துடித்தது. ஆகவே ஜெபரட்ணம் எதைக் கேட்டாலும், "செய்யலாம், அண்ணை. சின்ன வேலை" என்பதைத் தவிர வேறு பதில் சொல்லமாட்டான்.

முதலில் அவன் சொன்னது வேறு. "சனமெல்லாம் என்ன செய்யுது? ரெண்டு துளி பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிப்போட்டு, மண்ணெண்ணெயிலை ஓடுது. நாங்களும் அப்பிடிச் செய்வம்."

ஜெபரட்ணம் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ரை ஒஸ்ரினுக்கு விளக்கெரிக்கிற எண்ணெயோ? முப்பத்தெட்டு வருசம் பெற்றோல் குடிச்ச எஞ்சின். மண்ணெண்ணெய் ஊத்தினால் மூண்டு மாதத்திலை செத்துப்போம்."

"அப்ப மண்ணெண்ணெயிலை பிறந்து வளந்த மிசின் ஒண்டை எடுத்துப் பூட்டுவம்."

விளையாட்டுக்குச் சொன்னான். ஜெபரட்ணம் அதைப் பிடித்துக்கொண்டார்.

அவர் அப்படிப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. சித்திரை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மனைவி பியாட்றிஸ் முன் விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், சுளகைக் கீழே வைத்துவிட்டுப் படலைப் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

"என்ன பாக்கிறீர்?"

"ஒண்டுமில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தால் ஒரு மாதிரிக் கிடக்கு."

"என்ன மாதிரி?"

"ஒரு மாதிரி. அந்தக் கார் நிண்டாப் பிறகு."

"நான்தானே பக்கத்திலை இருக்கிறன்."

"ஓம். முந்தி நீங்கள் வெள்ளிக்கிழமையிலை வருவியள். இப்ப எந்நேரமும் இருக்கிறியள்."

ஜெபரட்ணத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. உத்தியோக காலத்திலே திங்கள் விடிய வன்னிக்குப் போனால் வெள்ளி பின்னேரம்தான் வீடு. கார்க் கதவைத் திறந்து இறங்க முன்னமே மேசையில் ஆவி பறக்கத் தேத்தண்ணீர் இருக்கும். ஒருநாளாவது ஆறியிருந்ததில்லை, ஒருநாளாவது பிந்தியதுமில்லை. அது எப்படி என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. பெண்சாதிமாருக்கு எப்படியோ தெரியும் என்று விட்டுவிட்டார். பென்சன் எடுத்த பிறகும் வெள்ளிக்கிழமைகளிலே பட்டணத்துக்குப் போய், பழைய கந்தோரில் கூட வேலை செய்தவர்களோடு கதைத்துவிட்டு வருவார். கார் நின்ற பிறகு அதுவும் நின்றது.

அன்று இரவு முழுக்க யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த மனிசி வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்து அலுத்துவிட்டாள். பிள்ளைகள் இரண்டும் கனடாவில். கடிதம் வந்து சேர நாலு மாதம். அவளுக்குக் காரில் ஏறி எங்காவது போகவேண்டும்.

ஆனி பன்னிரண்டு வெள்ளிக்கிழமை. கலியாணம் முடித்து முப்பத்தைந்து வருடம். இதே ஒஸ்ரினிலேதான் அவளை உடுவிலில் இருந்து வட்டுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு அதே காரில் அவளை உடுவிலுக்குக் கொண்டுபோய், அவளுடைய தமக்கை பொன்மலர் வீட்டில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும். அதற்குள் கார் ஓடவேண்டும்.

மிசின் தந்தவன், வயல்வெளிக்கு அப்பால் தோட்டம் செய்கிற பரமலிங்கம். புது மிசின் வாங்கியதால் பழையது அவனுடைய கொட்டிலில் சும்மா கிடந்தது.

"சும்மா கொண்டுபோங்கோ, சேவயர் ஐயா."

"சும்மா வாங்கிறது என்ரை பழக்கம் இல்லை. உன்ரை மிசின் என்னட்டை இருக்குமட்டும் என்ரை எஞ்சின் உன்னட்டை ஈடாய் இருக்கட்டும்."

"எனக்கேன் ஐயா, கார் எஞ்சின்?"

"வைச்சிரு. சாக்குப் போட்டு மூடி வை. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் அதுக்குக் கிட்டப் போகக் கூடாது."

"சீச்சீ. நாங்கள் தொடுவமோ?"

ஒஸ்ரினின் எஞ்சினைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றிய நாள் பியாட்றிஸ் குசினி வாசலில் நின்று பார்த்தாள். "கழட்டத்தான் வேணுமோ?" என்று ஒருதரம் கேட்டாள். 

தம்பிராசாதான் எஞ்சினைத் தட்டித் தடவிப் பெருமூச்சு விட்டான். "எல்லாம் திருத்தினன், அண்ணை. இவர் நடுவிலை ஒருக்கால் விக்கிறதை மட்டும் என்னாலை கடைசி மட்டும் நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

"முப்பத்தெட்டு வருசமாய் என்னையும் எரிச்சல்படுத்தின விக்கல்," என்றார் ஜெபரட்ணம்.

பொனற்றைக் கழற்றி வைத்ததும் முதற் பிரச்சினை தீர்ந்தது. மிசினை முடுக்கியதும் இரண்டாவது தொடங்கியது.

தம்பிராசா கைபிடியைச் சுழற்றினான். மிசின் ஒருதரம் இருமி, டக்-டக்-டக்-டக் என்று பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டில் அதிர்ந்தது. ஜெபரட்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"பியாட்றிஸ்! ஓடி வாரும்! ஸ்ராட் வந்திட்டுது!"

பியாட்றிஸ் வரவில்லை. பக்கத்து வீட்டுத் தேவராசா வரவில்லை. ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. மிசினை நிற்பாட்டிவிட்டு வெளியே வந்து பார்த்தால், ஊரே பதுங்குகுழிக்குள் இருந்தது.

தங்கள் பங்கரின் வாசலில் இருந்து பியாட்றிஸின் தலை மட்டும் தெரிந்தது. "இஞ்சேருங்கோ, நிலத்திலை படுங்கோ! ஹெலி!"

"ஹெலி இல்லையப்பா. கார்!"

வேலிக்கு மேலாலே தேவராசாவின் தலை எழும்பியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தலைமயிரெல்லாம் பங்கர் மண்.

"என்ன ஐசே விளையாட்டு இது? என்ரை மனிசி குழம்புச் சட்டியோடை பங்கருக்குள்ளை விழுந்து கிடக்கிறாள்."

"மன்னிச்சுக்கொள்ளும். சத்தத்தைக் குறைக்கிறன்."

"செய்யலாம், அண்ணை. சின்ன வேலை," என்றான் தம்பிராசா.

புகைக்குழாயில் ஒரு வெற்றுத் தகரப் பீப்பாவை மாட்டினான். சத்தம் குறையவில்லை. அடித்தொண்டைக்கு இறங்கியது. இந்தமுறை சனம் இன்னும் வேகமாய் ஓடியது.

தேவராசா மறுபடியும் எழும்பினார். "முதல் ஹெலி. இப்ப குண்டு போடுற பொம்மர். நாளைக்குக் கப்பலையும் கொண்டு வாருமன்."

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. பியாட்றிஸிடம் பழைய ஓய்வுநாட் பாடசாலை மணி ஒன்று இருந்தது. மிசினை முடுக்குமுன் ஜெபரட்ணம் அந்த மணியை மூன்றுதரம் அடிக்கவேண்டும். மணி அடித்தால் ஜெபரட்ணம். அடிக்காவிட்டால் ஹெலி.

இரண்டு நாள் ஒழுங்காக நடந்தது. மூன்றாம் நாள் காலை மணி அடிக்காமல் டக்-டக் என்று கேட்டது. தேவராசா பல் விளக்கிக்கொண்டே வேலியடிக்கு வந்து கத்தினார்.

"மணியை அடிச்சுப்போட்டு ஓட்டும், ஐசே! ஒரு ஒப்பந்தமெண்டால் ஒப்பந்தம்!"

"நான் இஞ்சை இருக்கிறன்!"

"எங்கை?"

"பங்கருக்குள்ளை!"

தேவராசா மெல்ல மேலே பார்த்தார். அது பனைகளுக்கு மேலால் தாழ்ந்து வந்து, ஒருதரம் சுற்றி, நல்ல காலம், கடற்பக்கம் போய்விட்டது. அதன்பிறகு இரண்டு கிழமை தேவராசா ஜெபரட்ணத்தோடு கதைக்கவில்லை. ஆனால் மணி அடித்தாலும் பங்கருக்குள் போனார், அடிக்காவிட்டாலும் போனார்.

இந்தக் கிழமைகளிலே வீட்டில் இன்னொரு மாற்றமும் நடந்துகொண்டிருந்தது. ஜெபரட்ணம் அதைச் சாப்பாட்டு மேசையில்தான் கண்டார்.

"இண்டைக்கும் கீரையோ?"

"ஓம்."

"முந்தநாளும் கீரை."

"கீரை உடம்புக்கு நல்லது."

"அதுக்கு முந்தநாளும் கீரை. நான் குறிச்சு வைச்சிருக்கிறன். ஒண்டைவிட்ட ஒருநாள் கீரை. அடுத்தநாள் மிச்சக் கீரை."

"பரமலிங்கத்தின்ரை பெண்சாதி பூரணம் பிடுங்கித் தாறாள். வேண்டாமெண்டு சொல்லுறதோ?"

"ஒரு பிடி கீரைக்கு ரெண்டு மணித்தியாலமோ? நாலு மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வாறீர்."

"கதைச்சுக்கொண்டு இருப்பம்."

"என்ன கதை?"

"பொம்பிளையள் கதை."

அவர் கீரையைச் சோற்றோடு பிசைந்தார். ஒரு மனிசி வீட்டைவிட்டு வெளியே போக எவ்வளவு தவித்தால் கீரைக்காக ஒரு மைல் நடப்பாள்! அவருக்கு இன்னும் அவசரம் பிடித்தது.

கலியாண நாளுக்குப் பத்து நாள் இருக்கையிலே காரை முதன்முதல் கொட்டிலுக்கு வெளியே எடுத்தார்கள். ஜெபரட்ணம் இரண்டு தலையணைக்கு மேல் ஏறி உட்கார்ந்தார். அப்போதுதான் புகைக்குழாய்க்கு அப்பால் ஒழுங்கை தெரிந்தது. மணி அடித்தாயிற்று. தேவராசா வீட்டார் பங்கருக்குள் இறங்கியாயிற்று. கிளச்சை மிதித்து முதலாம் கியரைப் போட்டு, கிளச்சை விட்டார்.

கார் பின்னுக்குப் போனது.

போய்க் கோழிக்கூட்டில் முட்டி நின்றது. கோழிகள் வேலி தாண்டித் தேவராசாவின் வளவுக்குள் போயின.

"அண்ணை, றிவேசைப் போட்டிட்டியள்."

"இல்லை. முதலாம் கியர். நீயே பார்."

தம்பிராசா பார்த்தான். இரண்டாம் கியரைப் போடச் சொன்னான். கார் இன்னும் வேகமாய்ப் பின்னுக்குப் போக முயன்று கோழிக்கூட்டின் மற்றப் பாதியையும் உடைத்தது. தம்பிராசா முன்னுக்குப் போய், சுழன்றுகொண்டிருந்த மிசினின் சில்லைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

"அண்ணை... காருகள் சுத்துற பக்கத்துக்கு இந்த மிசின் சுத்தேல்லை. மற்றப் பக்கம் சுத்துது."

"எண்டால்?"

"எல்லாம் மாறி நடக்கும். றிவேசைப் போட்டால் முன்னுக்குப் போம். மற்ற நாலு கியரும் பின்னுக்குத்தான்."

ஜெபரட்ணம் ஸ்ரேறிங்கின்மேல் விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப எனக்கு முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு நாலு."

"ஓம், அண்ணை. பின்னுக்குப் போறதெண்டால் இதைப்போலை ஒரு கார் யாழ்ப்பாணத்திலை இல்லை."

அந்த ஒரு கியரிலே முன்னுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். நடந்து போனவர்கள் முந்திக்கொண்டு போனார்கள். நூறு யார் போவதற்குள் மிசின் கொதித்து நீராவி கக்கியது. உடுவிலுக்கு இப்படிப் போனால் அடுத்த கலியாண நாளுக்குத்தான் போய்ச்சேரலாம்.

"மிசினைத் திருப்பிப் பூட்டினால் என்ன?"

"ஒரு மாத வேலை, அண்ணை. பத்து நாளிலை ஏலாது." தம்பிராசாவின் வாயிலிருந்து 'ஏலாது' என்ற சொல் அன்றுதான் முதன்முதலாக வந்தது. அவனுக்கே அது பிடிக்கவில்லை. காதைச் சொறிந்தான். "ஒண்டு செய்யலாம். பின்பக்கமாய்ப் போவம்."

"உடுவில் மட்டுமோ?"

"றோட்டிலை வேறை என்ன வாகனம் இருக்கு? ரெண்டு சயிக்கிள். விலத்துவாங்கள்."

பின்பக்கமாய் ஓட்டிப் பழகியதில் இரண்டாம் நாளே ஜெபரட்ணத்தின் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பியாட்றிஸ் இரவிரவாய்த் தைலம் பூசினாள். தம்பிராசா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். பியாட்றிஸின் சீதனத்தில் வந்த அலங்கார மேசைக் கண்ணாடியைக் கழற்றி ஸ்ரேறிங்குக்கு முன்னால் கட்டினான். இனிக் கழுத்தைத் திருப்பத் தேவையில்லை. முன்னுக்குப் பார்த்துக்கொண்டே பின்னுக்குப் போகலாம்.

"நான் எதிலை பாத்துத் தலை இழுக்கிறது?" என்று கேட்டாள் பியாட்றிஸ்.

"காருக்குள்ளை வந்து இழும். பன்னிரண்டாந் திகதி மட்டும் பொறுத்துக்கொள்ளும்."

"பன்னிரண்டாந் திகதி என்ன?"

"மறந்து போனீரோ?"

"நான் மறக்கேல்லை. நீங்கள் மறந்து போனியள் எண்டு நினைச்சன்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். உடுவில், பொன்மலர் அக்கா, தேத்தண்ணீர். பியாட்றிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள். சீப்பு கையிலேயே நின்றது.

"எனக்காகவோ உவ்வளவும்?"

"பின்னை ஆருக்கு? வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மாதிரிக் கிடக்கு எண்டு நீர்தானே சொன்னீர்."

"நான் சொன்னது..." என்று தொடங்கியவள் அவரைப் பார்த்தாள்.  அவருடைய கையில் எண்ணெயும் கரியும், பெருவிரலில் துணிக்கட்டு. "போவம்," என்றாள்.

பன்னிரண்டாம் திகதி பின்னேரம் நாலேகாலுக்கு ஒழுங்கை முழுக்கச் சனம். பியாட்றிஸ் மணிப்புரிச் சேலை உடுத்து, பின் ஆசனத்தில் நடுவாக உட்கார்ந்தாள். தம்பிராசா முன்னால் ஏறினான். மணி அடித்தார்கள். தேவராசாகூடக் கோபத்தை விட்டுவிட்டு வேலியடிக்கு வந்து நின்றார். பங்கருக்குள் இருந்து இதைப் பார்க்க முடியாதே.

ஒஸ்ரின் பின்பக்கத்தை முன்னே நீட்டிக்கொண்டு படலையைத் தாண்டியது.

எதிரே சயிக்கிளில் வந்த கிழவர் ஒருவர் காலை ஊன்றி நின்று, மேலும் கீழும் பார்த்தார். "என்ன சேவயர் ஐயா, போறியளோ வாறியளோ?"

"போறம்!" என்று தம்பிராசா கத்தினான்.

"அப்ப மூஞ்சை ஏன் அங்காலை பாக்குது?"

கார் மூன்றாம் கியரில் வயல்வெளித் தெருவில் ஏறியது. ஜெபரட்ணம் கண்ணாடியைப் பார்த்தார். தெரு தெரியவில்லை. கண்ணாடி முழுக்கப் பியாட்றிஸ்தான்.

"கொஞ்சம் சரிஞ்சு இரும்."

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். இல்லை, கண்ணாடியிலை வலம். உமக்கு இடம்."

அவள் சரிந்தாள். தெரு தெரிந்தது. ஆனால் அவர் பார்வை தெருவுக்குப் போகாமல் அவளிடமே நின்றுவிட்டது. வன்னியிலே கூடாரத்துக்குள் கிடந்து திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ணிய காலத்தில் இந்த முகத்தைத்தான் மனத்தில் வைத்திருந்தார். தினமும் பக்கத்தில் வந்த பிறகு எங்கே பார்த்தார்? காதோரம் எப்போது இவ்வளவு நரைத்தது? அவள் தெருவைப் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்து, தூரத்திலே எதையோ தேடுகிறவள் போல இருந்தாள்.

"அண்ணை! மதகு!"

ஜெபரட்ணம் ஸ்ரேறிங்கை வெட்டினார். ஒஸ்ரின் மதகில் ஏறி இறங்கித் தூக்கிப் போட்டது. முன்னால் படாரென்று ஒரு சத்தம். மிசின் தன் ஆணிகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டு ஒருபக்கம் சரிந்து, இருமி, நின்றது.

வீட்டில் இருந்து கால் மைல்.

தம்பிராசா இறங்கிப் பார்த்தான். "செய்யலாம்..." என்று தொடங்கி, ஜெபரட்ணத்தின் முகத்தைக் கண்டு நிற்பாட்டிக்கொண்டான்.

ஜெபரட்ணத்தின் காதுக்குள்ளே மிசின் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அவர் பின்கதவைத் திறந்தார்.

"பியாட்றிஸ், நான்... உடுவிலுக்கு..."

"அக்கா விளங்கிக்கொள்ளுவா. நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்." சேலைத் தலைப்பால் அவருடைய நெற்றிக் கரியைத் துடைத்தாள். பிறகு மறுபடியும் தலையைச் சாய்த்து வயல் பக்கம் பார்த்தாள். "நாலரை ஆகியிருக்கும், என்ன?"

"ஓம். ஏன்?"

"நான் ஒருக்கால் பூரணத்திட்டைப் போட்டு வாறன்."

"என்னத்துக்கு?"

"கீரைக்கு."

"இண்டைக்குமோ?"

"அவள் பாத்துக்கொண்டிருப்பாள்."

மணிப்புரிச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வரம்பில் இறங்கினாள். அறுபது வயது மனிசி அவ்வளவு வேகமாய் நடந்து ஜெபரட்ணம் பல வருடமாகப் பார்த்ததில்லை.

"மனிசி கோவிச்சிட்டா போலை, அண்ணை."

"கோவமெண்டால் ஏசியிருப்பா."

"ஏசாமல் போனால் அது பெரிய கோவம்."

ஜெபரட்ணம் மதகுக் கட்டில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடம். கட்டின சேலையோடு ஒரு பிடி கீரைக்குப் போகிறாள். தன்னோடு இருப்பதைவிடக் கீரை பெரிதாகிவிட்டது.

"தம்பிராசா, காரைத் தள்ளிக்கொண்டு போய்க் கொட்டிலுக்குள்ளை விடு. நாளைக்கு மிசினைக் கழட்டு. பரமலிங்கத்துக்குத் திருப்பிக் குடுத்துப்போட்டு என்ரை எஞ்சினை எடுப்பம்."

"பெற்றோலுக்கு எங்கை போறது?"

"பெற்றோல் வரேக்கை வரட்டும். அதுமட்டும் அது தன்ரை இடத்திலை சும்மாவெண்டாலும் இருக்கட்டும். நான் போய்ப் பரமலிங்கத்துக்குச் சொல்லிப்போட்டு வாறன்."

தெருவாலே சுற்றி நடந்தார். நடக்க நடக்கக் காதின் இரைச்சல் மெல்ல அடங்கியது. வெங்காயத் தறைகளின் ஈர மணம் வந்தது. தோட்டத்துக்குத் திரும்புகிற மண்பாதையில் கால் வைத்தபோது, பின்னாலோ முன்னாலோ ஒரு கார் வருகிற சத்தம் கேட்டது.

அவர் ஓரமாய் ஒதுங்கி நின்று வழி விட்டார்.

கார் வரவில்லை. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மெல்லிய, சீரான இரைச்சல். நடுவிலே ஒரு சின்ன விக்கல். பிறகு சீரான இரைச்சல். மறுபடியும் விக்கல்.

ஜெபரட்ணம் நின்ற இடத்திலேயே நின்றார். முப்பத்தெட்டு வருடம் அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டியவர். ஓரமாய் நின்று அதைக் கேட்டது இதுதான் முதல்தரம்.

பிறகு அவருக்கு உறைத்தது. கிணற்றடிக்கு ஓடினார்.

ஒஸ்ரினின் எஞ்சின் நாலு பனங்குற்றிகளுக்கு மேல், ஓலைப் பந்தலின் கீழே, புதுப் பெண் போல மினுங்கிக்கொண்டு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. பக்கத்திலே மண்ணெண்ணெய்க் கலன். பரமலிங்கம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"ஐயா, பொறுங்கோ. ஏசாதேயுங்கோ. புது மிசின் ரெண்டாம் கிழமையே பழுதாப் போச்சு. வெங்காயம் வாடுது. என்ன செய்ய? ரெண்டு துளி பெற்றோலைக் காட்டினன், பிறகு மண்ணெண்ணெயிலை அவர் தன்ரை பாட்டிலை நல்லா ஓடுறார். ஒண்டைவிட்ட ஒருநாள்தான் இறைக்கிறன். ஒரு குறையும் இல்லை, ஐயா, அந்த விக்கல் மட்டும்..."

ஒன்றைவிட்ட ஒருநாள்.

கிணற்றுக் கட்டுக்கு அப்பால், கவிழ்த்து வைத்த வாளியின்மேல், இங்கே முதுகு காட்டி, மணிப்புரிச் சேலையோடு பியாட்றிஸ் உட்கார்ந்திருந்தாள். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. பக்கத்துக் கல்லிலே இரண்டு பேணி தேத்தண்ணீர், ஒன்று பாதி குடித்தது. மற்றது தொடாமல், ஆறாமலிருக்கச் சிரட்டையால் மூடியிருந்தது.

ஜெபரட்ணம் அவளை இன்னும் காணவில்லை. அவர் கண்ணுக்கு மண்ணெண்ணெய்க் கலன்தான் தெரிந்தது.

"பரமலிங்கம்! என்ரை எஞ்சினுக்கு மண்..."

கீரைப்பிடியோடு தோட்டத்துக்குள் இருந்து வந்த பூரணம், ஓடிவந்து குறுக்கே நின்று விரலை வாயில் வைத்தாள்.

"உஸ்... சத்தம் போடாதேயுங்கோ, ஐயா. அம்மா நீங்கள் வாறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறா."